நடுவுல பத்திரமா வெச்ச மருந்து

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். போன தீபாவளிக்கு வாங்கின பட்டாசுல மிச்சம் இருந்ததே, அது இப்போ உங்க வீட்ல எங்க இருக்கு?

நிறைய பேரோட பதில் என்னன்னு எனக்குத் தெரியும். "பரண்மேல. பழைய டிரங்குப் பெட்டிக்குள்ள. பூட்டி, பத்திரமா இருக்கு."

அந்த 'பத்திரமா'ங்கிற வார்த்தையைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம். வெடிமருந்தோட வரலாறுல ரொம்பப் பேர் உயிரை வாங்கின வார்த்தை அது. சண்டையில எதிரியைக் கொல்ல மருந்து சேர்த்தவங்க, அதை வெச்ச இடத்தாலயே தோத்திருக்காங்க. அந்தக் கதையில ஒண்ணு நம்ம சென்னீர்குப்பத்துல இருந்து ரொம்ப தூரத்துல நடக்கல.

மருந்துன்னா என்ன?

முதல்ல ஒரு சின்ன அறிமுகம். தமிழ்ல உடம்பு சரியில்லன்னா சாப்பிடுறதும் மருந்து, துப்பாக்கியில போடுறதும் மருந்து. நாம இங்க பேசுறது ரெண்டாவது மருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி, இந்த மூணும் சேர்ந்த கருமருந்து. சீனாவுல சுமார் 1,100 வருஷத்துக்கு முன்னாடி தெரிய வந்தது. அங்கிருந்து உலகம் பூரா பரவுச்சு. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவுல இருந்து கப்பல் கப்பலா ஏத்திக்கிட்டுப் போன சரக்குல, துணி, மிளகோட பீகார் வெடியுப்பும் ஒண்ணு.

பழைய துப்பாக்கியில தோட்டா கிடையாது. மருந்தை அளந்து குழலோட வாய் வழியா கொட்டணும், அடைப்பு வைக்கணும், ரவையோ குண்டோ போடணும், ஒரு நீளக் கம்பியால இடிக்கணும். இதைத்தான் 'துப்பாக்கியைக் கெட்டிக்கிறது'ன்னு சொல்வாங்க. அதனால துப்பாக்கி வெச்சிருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா மருந்து இருந்தே ஆகணும். துப்பாக்கியை சுவத்துல மாட்டிடலாம். மருந்தை எங்க வைக்கிறது? அதுதான் கேள்வி.

இந்த மருந்துக்கு மூணு குணம் உண்டு. மனசுல வெச்சுக்கோங்க, கடைசிவரைக்கும் இது வரும்.

ஒண்ணு, ஒரு சின்னப் பொறி போதும். இரும்போட இரும்பு உரசினா வர்ற பொறிகூட போதும்.

ரெண்டு, திறந்த இடத்துல கொஞ்சமா இருந்தா 'புஸ்'ஸுன்னு எரிஞ்சு போயிடும். இறுக்கி மூடின இடத்துல இருந்தா வெடிக்கும். புஸ்வாணத்துக்கும் வெடிக்கும் உள்ள வித்தியாசத்துல பெரும்பங்கு இதுதான், அடைப்பு.

மூணு, இது கெட்டுப் போகாது. ஈரம் பட்டா வேலை செய்யாது, ஆனா காய்ஞ்சா மறுபடி உயிர் வந்துடலாம். 2008ல அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல, உள்நாட்டுப் போர் காலத்துப் பீரங்கிக் குண்டுகளைச் சேகரிக்கிற ஒருத்தர், வீட்டு வாசல்ல ஒரு குண்டைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தப்போ அது வெடிச்சு இறந்து போனார். அந்தப் போர் முடிஞ்சது 1865ல. 140 வருஷத்துக்கு மேல அந்த மருந்து சும்மா காத்துக்கிட்டு இருந்திருக்கு.

புள்ளலூர், 1780

இப்போ சென்னீர்குப்பத்துக்கு வருவோம். பூந்தமல்லியில இருந்து ஆவடி போற ரோட்டுல இருக்கிற ஊர். தினமும் பைபாஸ் டிராஃபிக்ல மாட்டுறவங்களுக்கு நல்லா தெரியும். இந்தப் பக்கம் ஒரு காலத்துல பட்டாளம் நடமாடின பாதை. பூந்தமல்லியில ஒரு கோட்டை இருந்துச்சு, அப்புறம் பட்டாளத்து முகாமும் வந்துச்சு. அங்க ஒரு பகுதிக்கு இன்னும் கண்டோன்மென்ட்னுதான் பேரு.

பைபாஸ்ல இருந்து மேற்கே காஞ்சிபுரம் பக்கமா ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினா புள்ளலூர்னு ஒரு கிராமம் வரும். ஆங்கிலேயர் புத்தகங்கள்ல 'பொள்ளிலூர்'னு எழுதியிருப்பாங்க. வயல் நடுவுல ரெண்டு உயரமான நினைவுத் தூண் நிக்கும். அது 1781ல நடந்த சண்டையில செத்த ரெண்டு கம்பெனி அதிகாரிகளுக்கு எழுப்பினது. நமக்கு வேண்டியது அதுக்கு முந்தின வருஷத்துச் சண்டை. அதுல கம்பெனி படு தோல்வி.

1780. மைசூர்ல இருந்து ஹைதர் அலி பெரும் படையோட கர்நாடகப் பகுதிக்குள்ள, அதாவது இன்னைக்கு நம்ம வட தமிழ்நாட்டுக்குள்ள, இறங்கிட்டார். மெட்ராஸ்ல ஒரே பதற்றம். கம்பெனியோட பெரிய படை ஹெக்டர் மன்றோ தலைமையில பரங்கிமலையில இருந்து காஞ்சிபுரம் போகுது. வடக்கே குண்டூர் பக்கத்துல இருந்து வில்லியம் பெய்லிங்கிற கர்னல் இன்னொரு படையோட வந்து அவரோட சேரணும். நடுவுல கொற்றலை ஆத்துல வெள்ளம், பல நாள் தாமதம். கடைசியில மன்றோ கொஞ்சம் உதவிப்படை அனுப்பி, பெய்லிகிட்ட நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஆட்கள். காஞ்சிபுரம் எட்டும் தூரத்துல இருக்கு.

செப்டம்பர் 10. திப்புவும் ஹைதரும் ரெண்டு பக்கமும் சூழ்ந்துட்டாங்க. பெய்லியோட ஆட்கள் சதுரமா நின்னு வெளிப்பக்கம் பார்த்துச் சுடுறாங்க. அது அந்தக் காலத்துப் பழக்கமான உத்தி. நாலு பக்கமும் வீரர்கள், நடுவுல அடிபட்டவங்க, சாமான்கள், மருந்து வண்டிகள். ஏன் நடுவுல? எதிரி கைக்குச் சிக்கக் கூடாது இல்லையா. சதுரத்தோட நடுப்பகுதிதான் எல்லாத்தையும்விட 'பத்திரமான' இடம்.

அந்த மருந்து வண்டிகள்மேலதான் எதிரியோட தீ விழுந்துச்சு. ராக்கெட்டா, பீரங்கிக் குண்டாங்கிறதை ஆளுக்கொரு விதமா எழுதி வெச்சிருக்காங்க. வண்டிகள் வெடிச்சுச்சு. சதுரத்துக்குள்ளேயே. சுத்தி நின்னது அவங்க ஆட்களேதான். சுட மருந்தும் போச்சு, வரிசையும் உடைஞ்சுச்சு. மைசூர் குதிரைப்படை உள்ள புகுந்துடுச்சு. பெய்லி சரணடைஞ்சார், ரெண்டு வருஷம் கழிச்சு சீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்துட்டார். சேதி தெரிஞ்ச மன்றோ, பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துல ஒரு குளத்துல தள்ளிட்டு, படையைத் திருப்பிக்கிட்டு மெட்ராஸ் பக்கம் ஓடினார்.

இந்தச் சண்டையை திப்பு தன்னோட தரியா தௌலத் மாளிகையில சுவர் முழுக்க ஓவியமா வரைய வெச்சார். சீரங்கப்பட்டணம் போனா அவசியம் பாருங்க. சதுரமா நிக்கிற சிவப்புச் சட்டைக்காரங்க, நடுவுல பல்லக்குல பெய்லி, அதே நடுவுல தீப்பிழம்போட வெடிக்கிற ஒரு மருந்து வண்டி. ஜெயிச்சவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, அன்னைக்குச் சண்டை திரும்பின புள்ளி அதுதான்னு.

ஜெயிச்சவங்களும் தப்பிக்கல

கதை இங்க முடியல. 19 வருஷம் கழிச்சு, 1799. இப்போ ஆங்கிலேயப் படை சீரங்கப்பட்டணத்தை முற்றுகை போட்டிருக்கு. மே 2, வெளியில இருந்து சுட்ட ஒரு குண்டு கோட்டைக்குள்ள இருந்த ராக்கெட் கிடங்குல விழுது. பயங்கர வெடி. ரெண்டு நாள் கழிச்சு, மே 4, கோட்டை விழுது, திப்பு சாகுறார். அன்னைக்குத் தாக்குதலை முன்ன நின்னு நடத்தினவர் பேரு டேவிட் பேர்ட். அவர் யாருன்னா, புள்ளலூர்ல பிடிபட்டு அதே சீரங்கப்பட்டணத்துல 1784 வரைக்கும் சிறையில கிடந்தவர்.

மருந்துக்கு உங்க ஆள், எங்க ஆள்னு கிடையாது. பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்கதான்.

இதுல திப்புவோட ஆட்களுக்கு விஷயம் தெரியாதுன்னு சொல்ல முடியாது. அங்க மருந்தை ஒரே இடத்துல குவிக்காம, கோட்டைக்குள்ள பல இடத்துல தனித்தனிக் கிடங்குகள் கட்டியிருந்தாங்க. பாதி தரைக்குக் கீழ, தடிமனான செங்கல் சுவர். அதுல ஒண்ணு பெங்களூரு - மைசூரு இரட்டை ரயில் பாதைக்கு நடுவுல வந்துச்சு. இடிக்க மனசு வராம, 2017ல சுமார் 1,000 டன் எடை உள்ள அந்தக் கட்டடத்தை அப்படியே தூக்கி, 130 மீட்டர் தள்ளி வெச்சாங்க. மருந்தை ஊரைவிட்டுத் தள்ளி வைக்கணும்னு மனுஷன் கத்துக்க நூறு நூறு வருஷம் ஆச்சு. கடைசியில கிடங்கையே தள்ளி வெச்சுட்டான்.

ஊருக்கு வெளியே போ

இந்தப் பாடம் உலகம் முழுக்க ரத்தத்துலதான் எழுதியிருக்கு. நெதர்லாந்துல டெல்ஃப்ட்னு ஒரு ஊர். ஊருக்குள்ள ஒரு பழைய மடத்துல பல்லாயிரம் கிலோ மருந்தைச் சேர்த்து வெச்சிருந்தாங்க. எதிரி வந்தா ஊரைக் காப்பாத்தணும்னுதான். எதிரி வரல. 1654 அக்டோபர் 12 காலையில அது வெடிச்சு ஊர்ல ஒரு பகுதியே தரைமட்டம். நூத்துக்கும் மேல பேர் செத்தாங்க. கேரல் ஃபாப்ரிட்டியுஸ்னு ஒரு அருமையான ஓவியர், 32 வயசு, அந்த வெடியில செத்துப் போனார். அதுக்கு அப்புறம் புது மருந்துக் கிடங்கை ஊருக்கு வெளியே, தண்ணிக்கு நடுவுல கட்டினாங்க.

நம்ம ஊர்லயும் அந்தத் தடம் இருக்கு. வட சென்னையில புளியந்தோப்பு பக்கம் 'பவுடர் மில்ஸ் ரோடு'ன்னு போர்டு பார்த்திருப்பீங்க. முகத்துக்குப் போடுற பவுடர் இல்ல, துப்பாக்கி மருந்து. மருந்து அரைக்கிற இடம் கோட்டையை விட்டுத் தள்ளி இருந்த காலத்தோட மிச்சம் அந்தப் பேரு. இன்னைக்கு அதைச் சுத்தி எவ்வளவு வீடுன்னு பாருங்க. ஊரைவிட்டுத் தள்ளி வெச்சாலும் ஊர் வந்து பக்கத்துல உக்காந்துடும்.

கிடங்குக்குள்ள வேலை செஞ்சவங்களுக்கும் கடுமையான விதிகள் இருந்துச்சு. ஆணி அடிச்ச செருப்போட உள்ள போகக் கூடாது. இரும்புக் கருவி கூடாது, செம்பும் மரமும்தான். பீப்பாயைச் சுத்துற வளையம்கூட செம்பு இல்லன்னா மரம். விளக்கு உள்ளேயே வராது. பக்கத்து அறையில கண்ணாடிக்குப் பின்னாடி வெச்சு வெளிச்சம் மட்டும் உள்ள விடுவாங்க. காத்து வர்ற துளையைக்கூட நேரா விடாம வளைச்சு விடுவாங்க, வெளியில இருந்து பொறி பறந்து வராம இருக்க.

இந்த விதிகள் எதுலயும் 'பெரிய பூட்டாப் போடு'ங்கிறது முக்கியமான விதி இல்லைங்கிறதைக் கவனிங்க.

ரெண்டு விதமான பாதுகாப்பு

என் கணக்குல இந்த எபிசோடோட மையமே இதுதான். திருடனுக்கு எதிரான பாதுகாப்பு வேற, தீக்கு எதிரான பாதுகாப்பு வேற. பல சமயம் ரெண்டும் நேர் எதிர்.

தங்கத்தை எப்படி வைக்கிறோம்? மொத்தமா ஒரே இடத்துல, வீட்டோட உள் அறையில, இரும்புப் பெட்டியில, யாருக்கும் சொல்லாம. மருந்தை இப்படி வெச்சா என்ன ஆகும்? மொத்தமா இருக்கிறதால ஒண்ணு பத்தினா எல்லாம் பத்தும். உள் அறையில இருக்கிறதால மனுஷங்க பக்கத்துல இருக்கும். இரும்புப் பெட்டி இறுக்கி மூடியிருக்கிறதால, எரிஞ்சு போக வேண்டியது வெடிக்கும். பெட்டியே சில்லு சில்லா பறக்கும். யாருக்கும் சொல்லாததால தீயணைக்க வர்றவங்களுக்கும் தெரியாது.

நம்ம சட்ட வரலாறுலயும் இந்த ரெண்டு பார்வை தனித்தனியா இருக்கு. தெற்கே பாளையக்காரர்களோட கிளர்ச்சியை அடக்கின கையோட, 1801 டிசம்பர் 1ஆம் தேதி மெட்ராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு அறிக்கை விட்டார்: பாளையங்கள்ல ஆயுதம் வெச்சிருக்கக் கூடாது. 1878ல லிட்டன் காலத்துல நாடு முழுக்க ஆயுதச் சட்டம் வந்துச்சு. இதெல்லாம் கேட்டது ஒரே கேள்வி: 'யார் கையில இருக்கு?' அரசாங்கத்துக்கு அப்போ பயம் மக்கள்மேலதான். 'எப்படி வெச்சிருக்கே, எவ்வளவு, எங்க'ன்னு கேக்குற வெடிபொருள் சட்டம் 1884லதான் வந்துச்சு. அந்தச் சட்டத்தோட வழியிலதான் இன்னைக்கும் நாக்பூரைத் தலைமையிடமா வெச்சு 'பெசோ'ங்கிற மத்திய அமைப்பு வெடிபொருள் உரிமங்களைக் கவனிக்குது.

இன்னும் வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி இருக்கான்னு கேப்பீங்க. இருக்கு. காட்டோரக் கிராமங்கள்ல பயிரைப் பாதுகாக்க உரிமத்தோட வெச்சிருக்கிறவங்க உண்டு. குடகுல குடவர்களுக்கும் ஜம்மா நில உரிமைக்காரர்களுக்கும் ஆயுத உரிமம் எடுக்குறதுல இருந்தே விலக்கு இருக்கு. நம்ம ஆவடியில குடியிருப்பு உள்ள நரிக்குறவர் சமூகத்துக்கு இந்தத் துப்பாக்கிதான் ஒரு காலத்துல வாழ்வாதாரம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டை போச்சு, ஊசிமணி பாசிமணி வந்துச்சு. பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கிற மசோதா நாடாளுமன்றத்துல நிறைவேற 2022 டிசம்பர் ஆச்சு. 'யார் கையில ஆயுதம்'ங்கிற பார்வை ஒரு சமூகத்தை எவ்வளவு காலம் சந்தேகத்தோட பார்த்துச்சுங்கிறது தனி எபிசோடுக்கான விஷயம்.

நம்ம வீட்டுக் கதை

நமக்கு ஆபத்து துப்பாக்கிக்காரர் வீட்ல இருந்து வரல மக்களே. நம்மளை மாதிரி வீடுகள்ல இருந்துதான் வருது.

2022 டிசம்பர் 31. நாமக்கல் மாவட்டம் மோகனூர்ல, புத்தாண்டு விற்பனைக்காக ஒரு வீட்ல வெச்சிருந்த பட்டாசு வெடிச்சு நாலு பேர் செத்தாங்க. அதுல ஒருத்தர் பக்கத்து வீட்டுக்காரர். 2025 தீபாவளிக்கு முந்தின நாள், நம்ம ஆவடி பக்கம் பட்டாபிராம்ல ஒரு வீட்ல வெச்சிருந்த நாட்டு வெடி வெடிச்சு மறுபடி நாலு பேர்.

பக்கத்து வீட்டுக்காரர்னு சொன்னேன் இல்ல, அங்க கொஞ்சம் நில்லுங்க. டெல்ஃப்ட்ல அந்த ஓவியர் மருந்து வாங்கினவர் இல்ல. புள்ளலூர்ல சதுரத்துல நின்ன சிப்பாய் மருந்து வண்டியை எங்க நிறுத்தணும்னு முடிவு பண்ணினவர் இல்ல. ஒரு அபார்ட்மென்ட்ல ஒருத்தர் பரண்ல வெச்சா, சுவத்துக்கு அந்தப் பக்கம் தூங்குற குழந்தையும் அந்த முடிவுக்குள்ள வந்துடுது. 'என் வீடு, என் பொருள்'ங்கிற பேச்சு மருந்துக்குச் செல்லாது.

அப்போ என்ன பண்ணலாம்?

முன்னூறு வருஷ வரலாறைச் சுருக்கினா நாலே வார்த்தை: கொஞ்சமா, பிரிச்சு, தள்ளி, உலர்வா.

அமெரிக்காவுல இந்தப் பழைய வகைத் துப்பாக்கியை விளையாட்டுக்காகச் சுடுறவங்க நிறைய. அங்க தீப் பாதுகாப்பு நெறிமுறை, வீட்ல கருமருந்து 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோவுக்கு மேல கூடாது. அதுவும் வாங்கின டப்பாவிலேயே, ஒரு அங்குலத் தடிமன் மரப்பெட்டிக்குள்ளனு சொல்லுது. ஏன் மரம்? வெளிச்சூட்டை உள்ள விடத் தாமதிக்கும், உள்ள அழுத்தம் வந்தா சட்டுனு விட்டுக்கொடுக்கும், பொறி வராது. இங்கிலாந்துல ஒரு படி மேல: மரப்பெட்டிக்குள்ள தடுப்புத் தடுப்பா அறைகள், ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம்தான். பத்த வைக்கிற கேப்பை மருந்தோட சேர்த்து வைக்கவே மாட்டாங்க. புள்ளலூர் பாடம் ஒரு பெட்டிக்குள்ள.

நம்ம ஊர்ல உரிமம் வெச்சிருக்கிறவங்க, உரிமத்துல எழுதின அளவைத் தாண்டக் கூடாது. அளவு சந்தேகமா இருந்தா உரிமம் கொடுத்த அலுவலகத்துலயே கேளுங்க.

தாத்தா காலத்துத் துப்பாக்கி சுவத்துல தொங்குதா? அதுக்குள்ள இன்னும் மருந்து கெட்டிச்சே இருக்கலாம். வெளியில இருந்து பார்த்தா தெரியாது. நீங்களே குடைஞ்சு பார்க்காதீங்க, காவல் நிலையத்துல சொல்லுங்க.

பட்டாசு விஷயத்துக்கு வந்தா, முதல் விதி மிச்சம் வைக்காதீங்க. அன்னைக்கு வெடிக்கிற அளவுக்கு வாங்குங்க. நாலு நாள் வெச்சே ஆகணும்னா, அது வந்த அட்டைப் பெட்டியிலேயே, சமையலறை, சாமி விளக்கு, கரண்ட் மீட்டர், வண்டி நிறுத்துற இடம் இதுக்கெல்லாம் தள்ளி, உலர்வான இடத்துல, குழந்தைங்க கைக்கு எட்டாம. டிரங்குப் பெட்டி வேண்டாம். வெளியே போற வழியில, மாடிப்படிக்குக் கீழ வேண்டவே வேண்டாம். பத்தினா நீங்க ஓட வேண்டிய வழி அது. நமுத்துப் போச்சுன்னு அடுப்பு பக்கத்துல காய வைக்காதீங்க. வேண்டாம்னு முடிவு பண்ணின நாலஞ்சு வெடியை வாளித் தண்ணியில நல்லா ஊற விட்டு அப்புறம் அப்புறப்படுத்துங்க. அளவு பெருசா இருந்தா தொடாதீங்க, 101க்கு போன் பண்ணுங்க. பக்கத்துல யாராவது வீட்ல மூட்டை மூட்டையா வெச்சு விக்குறாங்கன்னா அதைச் சொல்றது போட்டுக்கொடுக்குறது இல்ல. அந்த வீட்ல இருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த தடவை பைபாஸ் டிராஃபிக்ல நிக்கும்போது, அந்த ரோடு மேற்க எங்க போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. அங்க ஒரு வயல்ல, நாலாயிரம் பேர் நடுவுல, ரொம்பப் பத்திரமா ஒரு வண்டி நின்னுச்சு.

எபிசோடைக் கேட்டு முடிச்சதும் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. ஏணியைப் போட்டு பரணைப் பாருங்க.